கிளட்ச்சில் வைத்த கால்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்கிறவன், பெயர் சாமுவேல். பேட்டரியில் சார்ஜ் இருந்தால் விளக்கு எரியும், இல்லாவிட்டால் எரியாது. நடுவில் வேப்பிலைக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் வேலை இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்? பரமசிவத்தைப் பற்றி நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, சாமுவேல் கயிறு திரிக்கிறான் என்று எவனாவது சொன்னால், அவன் வண்டிக்கு இனி நான் டைனமோ கட்ட மாட்டேன்.

ஒலிமுகமதுபேட்டையில் ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகை. பாதி அவனுக்கு, பாதி எனக்கு. எஞ்சின் அவனுடையது, கரண்ட் என்னுடையது. பரமசிவம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன். அப்பன், பாட்டன் எல்லாரும் பட்டு நெய்தவர்கள். இவனுக்கு மட்டும் பட்டு நூலைக் கண்டால் அடுக்குத் தும்மல். மூத்த பிள்ளை தறிக்குழியில் உட்கார்ந்து நெய்கிற புடவை மேலெல்லாம் தும்மினால் எந்த அப்பன் பொறுப்பான்? அடித்துத் துரத்தாத குறையாக லாரி ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டார். அங்கே கிரீஸும் டீசலும் அவன் மூக்குக்கு ஒத்துக்கொண்டன.

தறியை அவன் விட்டான், தறி அவனை விடவில்லை. ஒரு வண்டியின் எஞ்சினை எடுத்து வேறொரு வண்டியில் வைப்பதற்கு ஊரிலுள்ள மற்ற மெக்கானிக் எல்லாம் 'எஞ்சின் மாத்தறது' என்பார்கள். இவன் 'பிணைக்கிறது' என்பான். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் தீர்ந்து புதுப் பாவு வரும்போது, தறிக்காரர்கள் பழைய பாவின் நுனியை அறுத்து எறிவதில்லை. அதைத் தறியிலேயே விட்டு, அதன் ஒவ்வொரு இழையோடும் புது இழையை முறுக்கிச் சேர்ப்பார்கள். இவனும் அப்படித்தான். எந்த எஞ்சினைப் பிணைத்தாலும் பழைய வண்டியின் சாமான் ஒன்றை அதிலேயே விட்டுவைப்பான். ஒரு போல்ட்டு, ஒரு வாஷர், ஏதாவது ஒன்று. அதற்கு 'வால்' என்று பெயர்.

"எல்லாத்தையும் புதுசா போட்டுக்கினு இந்த ஓட்ட போல்ட்ட மட்டும் ஏம்பா வெக்கிற?" என்று நான் எரிந்து விழுவேன்.

"தறிய மொட்டையா வுடக்கூடாது சாமுவேலு. பழசோட வால் இருந்தாத்தான் புதுசு வந்து ஒட்டும்."

"இது தறி இல்லடா, டாட்ஜு காரு!"

சிரிப்பான். வாய்ச்சண்டைக்கு வராத ஆளிடம் எவ்வளவு நேரம்தான் கத்துவது?

எஞ்சின் பிணைப்பது என்றால் தூக்கி வைத்து நாலு போல்ட்டு முடுக்குவது என்று நினைத்துவிடாதீர்கள். எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் மணியைப் படுக்கப் போட்ட மாதிரி ஓர் இரும்புக் கூடு இருக்கும். அதுதான் பெல் ஹவுசிங். அதற்குள்தான் கிளட்ச். ஒரு கம்பெனி எஞ்சினின் போல்ட்டு ஓட்டை இன்னொரு கம்பெனியின் கூட்டுக்குச் சேராது. நடுவில் தடித்த இரும்புத் தகடு ஒன்று வெட்டி, ஒரு பக்கம் இதற்கும் மறு பக்கம் அதற்கும் ஓட்டை போட வேண்டும். மையம் ஒரு மயிரிழை விலகினாலும் போச்சு. கிளட்ச் பிளேட்டின் பல் கியர் பாக்ஸ் ஷாஃப்டுக்குச் சேர வேண்டும், அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட் எஞ்சினின் சக்கரத்துக்குச் சேர வேண்டும். கடைசியாக, அந்த ஷாஃப்டின் நுனி கிளட்ச் பிளேட்டைத் தாண்டிப் போய் எஞ்சின் சக்கரத்தின் நடுவில் ஒரு சின்னப் பித்தளை வளையத்துக்குள், அதாவது புஷ்ஷுக்குள், உட்கார வேண்டும். டிரைவர் கிளட்ச்சை மிதித்தால் எஞ்சின் சுற்றும், ஷாஃப்ட் நிற்க வேண்டும். அதற்குத்தான் அந்த புஷ். மோதிரம் பெரிதா அது பெரிதா என்று கேட்கும் அளவுதான் இருக்கும்.

பரமசிவத்துக்குக் கந்தன் என்று ஒரு தம்பி. கந்தனுக்குத் தும்மல் கிடையாது, ஆனாலும் தறியில் உட்கார மாட்டேன் என்று டாக்ஸி ஓட்டப் போய்விட்டான். பழைய டாட்ஜ் கார். கல்யாண வீட்டுக்காரர்களைப் பட்டு எடுக்கக் கூட்டிவந்து கூட்டிப்போகிற வேலை. பெட்ரோல் குடித்தே கார் அவனைத் தின்றது. அதனால் பரமசிவம், உடைந்துபோன ஒரு வேனிலிருந்து நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினை எடுத்து டாட்ஜுக்குப் பிணைத்துக் கொடுத்தான். தகடு வெட்டினான், கூடு சேர்த்தான், எல்லாம் சுத்தம். வாலாக எதை விட்டான் என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை.

கந்தன் சின்ன வயசில் குடித்தவன்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை காமாட்சியம்மன் கோயில் எதிரே காரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டு, மறுநாள் அண்ணனிடம் செருப்படி வாங்கினான். கமலவேணியைக் கட்டிக்கொண்ட பிறகு தொடவே இல்லை. அவள் தறியில் உட்கார்ந்தால் தெருவிலேயே அவளைப் போல் புடவை உடலையும் கரையையும் சேர்த்துக் கோர்வை போட ஆள் இல்லை. அவளுக்குப் பயந்தானோ ஆசைப்பட்டானோ, விட்டுவிட்டான். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? குடிகாரன் என்ற பெயர் வீட்டு நம்பர் மாதிரி அவன் மேலேயே நின்றது.

எழுபத்து மூன்றாம் வருஷம், கார்த்திகை. பாலாற்றில் தண்ணீர் வந்த வருஷம். வந்தவாசிப் பக்கம் ஒரு கல்யாணக் கோஷ்டியை இறக்கிவிட்டு, பட்டப்பகலில் கந்தன் திரும்பி வந்தான். செவிலிமேட்டில் தரைப்பாலத்தின் மேல் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் ஓடியது. அவன் பாதி தாண்டியபோது முன்னால் பாலம் ஒரு துண்டு உடைந்துபோயிருந்தது. இக்கரையில் நின்றவர்கள் துண்டை வீசி, நிறுத்து நிறுத்து என்று கத்தினார்கள். வண்டி நிற்கவில்லை. வேகமாகவும் வரவில்லை. மனுஷன் நடக்கிற வேகத்தில் ஒரே சீராக வந்து, உடைந்த இடத்தில் இறங்கி மறைந்தது.

"எங்களையே பாத்துக்கினு வந்தான்பா. வாயத் தொறந்துக்கினு. ஆனா நிறுத்தல" என்று ஒருவர் சொன்னார். சொல்லிவிட்டுக் கையைப் பாட்டில் மாதிரி வாய்க்குத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான், தீர்ப்பு ஆகிவிட்டது.

மறுநாள் தண்ணீர் இறங்கியதும் கயிறு கட்டி இழுத்தோம். நானும் இருந்தேன். கந்தன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். இடது கால் கிளட்ச் மேலே, தரை வரைக்கும் அழுத்தி, முட்டி விறைத்துக்கொண்டு. அந்தக் காலை எடுக்க இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. காலை எடுத்த பிறகும் பெடல் மேலே வரவில்லை. சேறு அடைத்திருக்கும் என்றேன். சேறு இருந்தது, பொய் இல்லை.

கமலவேணி அழுதாள், நெஞ்சில் அடித்துக்கொண்டாள், எல்லாப் பெண்களையும் போலத்தான். கருமாதி முடிந்த பிறகு அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பரமசிவத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதையே கேட்டாள்.

"குடிச்சிட்டுத் தூங்கினவரு கால் கிளட்ச்சுல எப்பிடி மாமா இருந்துது?"

பிரேக் நனைந்தால் பிடிக்காது, அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கிளட்ச்சை மிதித்தால் வண்டிக்கு இழுவை போய்விடுமே, பிறகு எது அதைத் தள்ளிக்கொண்டு போனது? தெருவில் அவளைப் பார்த்து 'உச்சு' கொட்டினார்கள். குழாயடியில் அவள் காது படவே, "குடிகாரனுக்கு வாக்கப்பட்டா இதான்" என்றார்கள். புருஷன் செத்ததைவிட அந்தப் பேச்சு அவளைத் தின்றது. எனக்கு அவர்கள் எல்லார் வாயிலும் பேட்டரி ஆசிடை ஊற்றலாம் என்று வரும்.

டாட்ஜின் உடம்பு நசுங்கிப்போனது. எஞ்சினைப் பரமசிவம் கழற்றிச் சுத்தம் செய்து கொட்டகை மூலையில் கோணியைப் போட்டு மூடிவைத்தான். அந்த வருஷக் கடைசியில் பெட்ரோல் விலை ஏறியது பாருங்கள், கார் வைத்திருந்தவன் எல்லாம் தலையில் கை வைத்தான். ஸ்ரீபாலன் எங்களைத் தேடி வந்தார். சமணர், நயினார் என்றுதான் கூப்பிடுவோம், கடலைக்காய் வியாபாரம், திருப்பருத்திக்குன்றத்துக்கு அப்பால் கிராமம். தங்கமான மனுஷன். அவரிடம் பழைய பிளைமவுத் இருந்தது. டாட்ஜும் பிளைமவுத்தும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், கியர் பாக்ஸ் ஒன்றேதான். கந்தன் வண்டிக்கு வெட்டிய தகடு, கூடு, கிளட்ச் எல்லாம் எஞ்சினோடு அப்படியே போய் உட்காரும். பரமசிவம் ஒளிக்கவில்லை. ஆள் செத்த எஞ்சின் என்று சொன்னான்.

"எந்திரத்துக்கு ஏதுப்பா பாவம்? வினையெல்லாம் மனுஷனுக்குத்தான். அந்தம்மா சரின்னா எனக்குச் சரி" என்றார் ஸ்ரீபாலன்.

கமலவேணியும் சரி என்றாள். "சும்மா கெடந்தா துரு புடிக்கும். ஓடட்டும்."

ஓடியது, நன்றாகவே ஓடியது. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு மறுநாள் ஸ்ரீபாலன் முகம் வெளுத்து வந்தார்.

"ஜனங்க நடுவுல மாட்டிக்கினேன் பரமசிவம். கிளட்ச்ச மிதிச்சுக்கினு நிக்கறேன். வண்டி தானா நடக்குது! பிரேக்க அமுக்கினா எஞ்சின் ஒதறி நின்னுபோச்சு. இல்லன்னா ஒரு கொழந்த... எறும்ப மிதிச்சாலே வினைன்னு வளந்தவன்பா நான்."

பரமசிவம் பெடல் கம்பியை முடுக்கிச் சரிபார்த்தான். மிதித்துப் பார்த்தோம், நின்றது. கியர் போட்டோம், பூ மாதிரி விழுந்தது. உங்கள் கால் நழுவியிருக்கும் நயினாரே என்று அனுப்பிவிட்டோம்.

கொஞ்ச நாளில் திரும்பவும் வந்தார். இந்தத் தடவை வண்டியிலிருந்து இறங்கி, கிளட்ச் பெடலைக் காட்டினார். ரப்பர் மேல் மணல் ஒட்டியிருந்தது. ஈர மணல். சித்திரை வைகாசி வெயிலில் பாலாறு வறண்டு கிடந்தது. அவர் ஊரில் மணலே கிடையாது, செம்மண்.

"தெனம் பொழுது சாயற நேரத்துக்கு இது இருக்குது. தொடச்சா மறுநாளும் இருக்குது. எங்க வழக்கப்படி இருட்டறதுக்குள்ள சாப்புடணும்னு நான் சீக்கிரம் வூட்டுக்குக் கெளம்பறவன். இப்ப வண்டில ஏறவே பேஜாரா இருக்குது" என்றார்.

"எங்கியோ மணல மிதிச்சிருப்பீங்க" என்றேன் நான். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அன்றைக்கே கமலவேணி கொட்டகைக்கு வந்தாள். அவள் அங்கே வந்ததே இல்லை. ஸ்ரீபாலன் நிற்பதைப் பார்த்தும் தயங்கவில்லை.

"மாமா, இந்த வண்டி எங்க தெரு முனையத் தாண்டிப் போவுது இல்ல, அப்ப என் எடது கால் தறி மிதிப்பலகைல மாட்டிக்குது. தறி மிதி கீழ போனா மேல வரல. நானும் தூக்கறேன், தூக்கறேன், யாரோ என் கால் மேல கால் வெச்சு அமுக்கற மாதிரி இருக்குது. வண்டி தூரப் போனப்பறந்தான் வுடுது. கருட சேவ அன்னிக்கு ரொம்ப நேரம் வுடல. கத்திட்டேன்."

ஸ்ரீபாலன் கைகூப்பிக்கொண்டு அப்படியே நின்றார். எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். இதையும் பார்த்துவிடலாம் என்று, ஸ்ரீபாலனை அந்தத் தெருமுனை வழியாக வண்டியை ஓட்டச் சொல்லிவிட்டு, பரமசிவத்தையும் கூட்டிக்கொண்டு அவளோடு போய்த் தறிக்குழி ஓரமாக நின்றேன். அவள் நெய்தாள். மிதி ஏறி இறங்கியது, ஊடு நூலோடு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. ஸ்ரீபாலன் வண்டி தெருமுனையில் திரும்புகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவள் இடது மிதி கீழே போயிற்று. மேலே வரவில்லை. அவள் தொடை நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. நான் குழியில் இறங்கி அந்தப் பலகையைக் கையால் தூக்கினேன். பேட்டரி தூக்குகிற கை இது. அசையவில்லை. வண்டிச் சத்தம் தேய்ந்து போன பிறகு பலகை சும்மா, லேசாக, என் கையோடு மேலே வந்தது. பலகையின் அடியில் ஈரம்.

வெளியே வந்து நின்றேன். கமலவேணி என்னைப் பார்க்காமல் வாசலில் நின்ற பரமசிவத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"தண்ணில அவரு எவ்ளோ நேரம் மிதிச்சுக்கினு வந்திருப்பாரு? அவ்ளோ நேரம் மிதிச்சுப் பாத்தீங்களா மாமா?"

பார்க்கவில்லை. மிதிப்போம், கியர் போடுவோம், விடுவோம். எந்த மெக்கானிக்கும் அப்படித்தான் பார்ப்பான்.

ஸ்ரீபாலன் வண்டியை எங்களிடமே விட்டுவிட்டு மாட்டு வண்டியில் ஊருக்குப் போனார். கொட்டகைக்கு முன்னால் சமதரையில் பிளைமவுத்தை நிறுத்தி நான் ஏறி உட்கார்ந்தேன். பரமசிவம் பத்தடி எதிரே நின்றான். எஞ்சினைப் போட்டு, கிளட்ச்சை மிதித்து, கியரைத் தள்ளிவிட்டு அப்படியே அழுத்திக்கொண்டிருந்தேன். வண்டி நின்றது. உதட்டிலிருந்த பீடி எரிந்து தீர்கிற நேரம் ஆயிற்று. அப்புறம் வண்டி நடக்க ஆரம்பித்தது. என் கால் தரை வரைக்கும் அழுத்தியிருக்கிறது, வண்டி மனுஷன் நடக்கிற வேகத்தில் ஒரே சீராகப் பரமசிவத்தைப் பார்த்துப் போகிறது. கியரைக் கழற்றப் பார்த்தேன், இறுகிக் கிடந்தது.

"நவுருடா!" என்று கத்தினேன். அவன் நகரவில்லை. என்னையே பார்த்தான். நான் வாயைத் திறந்துகொண்டு அவனைப் பார்த்துக்கொண்டே போனேன். அந்தக் கரையில் நின்றவர்கள் பார்த்தது இதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிரேக்கை ஏறி மிதித்தேன். பம்பர் அவன் முட்டியைத் தொட்டதும் எஞ்சின் உதறி அணைந்தது. பெட்ரோல் எஞ்சின் என்றால் சாவியைத் திருப்பினால் செத்துப்போகும். டீசலுக்குத் தனியாக ஒரு கேபிளை இழுத்துப் பிடிக்க வேண்டும். உயிர் போகிற பயத்தில் எவனுக்கு அது ஞாபகம் வரும்? எனக்கே வரவில்லை.

அன்றைக்கே கியர் பாக்ஸை இறக்கினோம். நான் கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டேன். கிளட்ச் பிளேட் நன்றாக இருந்தது, தகட்டின் மையம் சரியாக இருந்தது. பரமசிவம் எஞ்சின் சக்கரத்தின் நடுவில் விரலை விட்டான், விட்ட விரலை எடுக்கவில்லை.

"இன்னாபா?" என்றேன்.

"வேன்ல இருந்த புஷ்ஷு" என்றான். "வாலுன்னு இதத்தான் வுட்டேன்."

வேனின் ஷாஃப்ட் நுனி மெல்லிசு. டாட்ஜினுடையது துளி தடிமன். புது புஷ் கடைந்து போடாமல், வால் இருக்கட்டும் என்று, ஷாஃப்ட் நுனியை உப்புத்தாளால் தேய்த்து அந்தப் பழைய புஷ்ஷுக்குள் நுழைத்திருக்கிறான். பிளைமவுத்துக்கும் அப்படியே செய்திருக்கிறான். குளிர்ந்திருக்கும்போது வெண்ணெய் மாதிரி சுற்றும். கிளட்ச்சைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இருந்தால் புஷ் சூடேறி, ஷாஃப்ட் நுனியைக் கவ்விக்கொள்ளும். பிறகு கிளட்ச் விட்டும் விடாத மாதிரிதான். தண்ணீருக்குள் மெதுவாக வருகிறவன் கிளட்ச்சை மிதித்துக்கொண்டுதான் வருவான். பித்தளை கருத்து, நீலம் பாரித்து, உள்ளே பல்லால் கடித்த மாதிரி கோடு கோடாக இருந்தது.

"தம்பி நிறுத்தத்தான் பாத்திருக்கான் சாமுவேலு. நான்தான் அவன நிறுத்த வுடல" என்றான்.

யாராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது, புஷ்ஷை மாற்றிவிட்டு வாயை மூடிக்கொள் என்று நான் சொல்லியிருக்கலாம். மனசில் வந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன், விட்டுவிட்டேன்.

மறுநாள் குழாயடியில் தெருவே கூடியிருந்த நேரத்தில் பரமசிவம் அந்த புஷ்ஷை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போய் நின்றான். "எந்தம்பி குடிக்கல. தூங்கல. நான் போட்ட சாமான் மாட்டிக்கினு வண்டி நிக்கல. அவனக் கொன்னது நான்" என்றான். குடம் நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. பாட்டில் மாதிரி கை காட்டிய ஆள் தலையைக் குனிந்துகொண்டு சந்துக்குள் போனார். கமலவேணி தன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய்த் தறியில் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு எங்கள் கொட்டகைக்கு எஞ்சின் பிணைக்க யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் அவன் செய்திருக்க மாட்டான். கடைசி வரைக்கும் பிரேக் வேலை மட்டும்தான் செய்தான். பிரேக் லைனிங் மாற்றிய வண்டியைத் தண்ணீரில் நனைத்து, பிடிக்கிறதா என்று ஓட்டிப் பார்த்துத்தான் கொடுப்பான். கஸ்டமர் முணுமுணுப்பார்கள். நான் அவர்களைக் கவனித்துக்கொள்வேன்.

பிளைமவுத்துக்குப் புது புஷ் கடைந்து போட்டோம். கிளட்ச்சை மிதித்துக்கொண்டு பீடிக்கு மேல் பீடி பிடித்தேன். வண்டி கல் மாதிரி நின்றது. முடிந்தது என்று நான் நினைத்தேன், அவனும் நினைத்தான். ஆனால் ஸ்ரீபாலன் திரும்பி வந்தார். கிளட்ச் நன்றாக இருக்கிறதாம். மணல் மட்டும் இன்னும் இருக்கிறதாம். அவர் பின்னாலேயே கமலவேணி வந்தாள். அவளுக்குக் கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்திருந்தது.

"இன்னும் வுடலியாம்மா?" என்று பரமசிவம் கேட்டான்.

"வுடல மாமா." அவள் அவனைத் திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "தெருவுக்குச் சொல்லிட்டீங்க. எனக்கும் சொல்லிட்டீங்க. அவருக்கு யாரு சொன்னாங்க? தன் கால் சரியா மிதிக்கலியோன்னு இன்னும் மிதிச்சுக்கினே கெடக்கறாரு. பாவம், எவ்ளோ நேரம் மிதிப்பாரு? நீங்க போயி சொல்லுங்க."

என்னிடம் வேறொருத்தி இதைச் சொல்லியிருந்தால் வாயில் வந்ததைப் பேசி அனுப்பியிருப்பேன். அன்றைக்கு நான் பிளைமவுத் சாவியை எடுத்தேன், பரமசிவம் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

செவிலிமேட்டுக்குப் போய்ச் சேரும்போது வெயில் தணிந்திருந்தது, வெளிச்சம் போகவில்லை. ஆற்றில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, கண்ணுக்கெட்டிய வரை மணல். உடைந்த இடத்தைக் கல்லும் சிமெண்டும் போட்டு அடைத்திருந்தார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கிளட்ச்சை மிதித்து நிறுத்தி, கியரைக் கழற்றி, கேபிளை இழுத்து எஞ்சினை அணைத்தேன். காலை எடுத்தேன். பெடல் மேலே வரவில்லை.

ஸ்பிரிங் அறுந்துபோயிருக்கும் என்று குனிந்து பார்த்தேன். ஸ்பிரிங் விறைத்து இழுத்துக்கொண்டுதான் இருந்தது. கையால் பெடலைத் தூக்கினேன். தறிக்குழியில் இருந்த அதே கனம். ரப்பர் ஜில்லென்று இருந்தது, விரலில் மணல் ஒட்டியது. பயந்துவிட்டேன், ஐயா. கர்த்தரே என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன்.

பரமசிவம் பெடலைப் பார்த்தான். கதவைத் திறந்து இறங்கினான். சிமெண்டு போட்ட இடத்துக்கு நடந்துபோய், கீழே மணலைப் பார்த்து நின்றான். தொண்டையைக் கனைத்தான்.

"டேய் கந்தா. அண்ணன்டா."

காற்றுக்கூட இல்லை. தூரத்தில் யாரோ மாட்டை ஓட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நீ சரியாத்தான்டா மிதிச்ச. ஒம் மேல ஒண்ணும் தப்பு இல்ல. அண்ணன்தான் பழைய புஷ்ஷ உள்ள வுட்டுட்டேன். அது கவ்விக்கினுது. நீ எவ்ளோ மிதிச்சாலும் நிக்காதுடா அது. தெருல எல்லாருக்கும் சொல்லிட்டேன். கமலா கால் வலிக்குதுன்றா. போதும்டா கண்ணு. கால எடுத்துக்கடா."

என் கண் பெடலை விட்டு அகலவில்லை. அது ஒரே இழுப்பில் மேலே வரவில்லை. களைத்த மனுஷன் காலைத் தூக்குகிற மாதிரி கொஞ்சம் வந்தது, நின்றது, திரும்பவும் கொஞ்சம் வந்தது. அப்புறம் முழுக்க வந்து நின்றது.

பரமசிவம் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கிருந்தே கேட்டான்.

"எடுத்துட்டானா சாமுவேலு?"

"எடுத்துட்டாம்பா" என்றேன்.

அவன் மணலில் இறங்கி உட்கார்ந்து, தம்பி செத்த நாளிலிருந்து அழாத அழுகையை எல்லாம் அழுதான்.